சிற்றெஞ்சினும் அதன் சில்லுகளும்

முழங்கால் உயரமும் இல்லாத ஒரு புகையிரத எஞ்சின். அதன் பின்னே ஒரு பலகை வண்டி. அவ்வண்டியில் நரைத்த மீசையுடைய பெரியவர் ஒருவர் கால்களை இருபுறமும் தொங்கவிட்டு அமர்ந்திருக்கின்றார். அவருக்குப் பின்னே சிறுவர் நால்வர். எஞ்சின் மெய்யாகவே கரியை எரித்து, மெய்யாகவே நீராவி கக்கி, அத்தனை பேரையும் இழுத்துச் செல்கின்றது. இங்கிலாந்திலிருந்து வரும் சஞ்சிகைகளில் இத்தகைய படங்களைக் கண்ட வாசகர்கள், "வேலையற்றவர் விளையாட்டு" என்று புன்னகைத்துப் பக்கத்தைப் புரட்டியிருத்தலுங் கூடும். இந்த வாரம் அப்பக்கத்தைப் புரட்டாது சற்றே நிறுத்தி, அந்த எஞ்சினின் சில்லுகளை மட்டும் உற்று நோக்குவோம்.

இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1898ஆம் ஆண்டில் பேர்சிவல் மார்ஷல் என்பவர் இலண்டனில் 'மொடல் எஞ்சினியர்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். குமாஸ்தாவும் பாடசாலை ஆசிரியரும் கடைக்காரரும் தம் வீட்டுப் பின்புறத்துக் கொட்டிலிலே யந்திரம் செய்யக் கற்றது பெரும்பாலும் இச்சஞ்சிகையின் வாயிலாகவே. 1920களில் இதன் பக்கங்களில் ஒரு பெரும் வாதம் நிகழ்ந்தது. இரண்டரை அங்குல அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின், கரி எரித்து மனிதரை இழுக்குமா என்பதே வினா. இழுக்கும் என்று நின்றவர் 'எல்.பி.எஸ்.சி.' என்னும் புனைபெயரில் எழுதிய கேளி லோறன்ஸ் என்பார். இலண்டன், பிறைற்றன் அண்ட் சவுத் கோஸ்ற் என்ற புகையிரதக் கம்பனியின் முதலெழுத்துக்களையே அவர் தமக்குப் பெயராகச் சூடிக்கொண்டார். 'ஆயிஷா' என்று பெயரிட்ட தமது சிறு எஞ்சினை ஓட்டி, தாமே அதன் பின்னாலமர்ந்து, தம் கட்சியை நிலைநாட்டினார். வாதத்திலே சொல் வெல்வதைக் காட்டிலும் செயல் வெல்வது நமக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. 1967இல் இறக்கும் வரையில் அவர் வரைந்தளித்த எஞ்சின்கள் அநேகம்.

அவற்றுள் ஒன்று 'டோறிஸ்'. ஸ்ரானியர் என்ற பேர்பெற்ற எஞ்சினியர் அமைத்து, 1934 முதல் 1951 வரை 842 எண்ணிக்கையிற் கட்டப்பட்ட 'பிளாக் பைவ்' என்னும் பெரிய எஞ்சினின் சிறு வடிவம் அது. மூன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடுவது. பதினாறில் ஒரு பங்கு அளவு. பெரிய எஞ்சினின் ஓட்டுஞ் சில்லு ஆறடி விட்டமுடையது. ஆகவே சிறியதன் சில்லு நாலரை அங்குலம். இத்தகைய சில்லுகள் ஆறு வேண்டும். இந்த ஆறு சில்லுகளின் கதையே நாம் சொல்ல வந்தது.

நம் ஊர் வண்டித் தச்சர் சில்லின் நடுவைக் குடம் என்றும், அதிலிருந்து விரிவனவற்றை ஆரக்கால் என்றும், சுற்று வளையத்தை வட்டை என்றும் வழங்குவர். புகையிரதச் சில்லுக்கும் இச்சொற்கள் அப்படியே பொருந்துகின்றன. பெரிய எஞ்சினிலே வட்டையின் மேல் உருக்குப் பட்டம் ஒன்றைச் சூடாக்கி விரியச் செய்து ஏற்றி, ஆறும்போது அது இறுகிப் பற்றும்படி விடுவர். மாட்டுவண்டிச் சில்லுக்குக் கொல்லன் பட்டம் போடும்போது சிறுவர் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்களே, அதே வித்தைதான். சிறு எஞ்சினுக்கோ குடம், ஆரக்கால், வட்டை, பட்டம் யாவும் ஒரே வார்ப்பு.

இந்த வார்ப்பை எங்கே பெறுவது? அங்கே இதற்கென்றே கடைகள் உண்டு. ஸ்ருவாட் ரேணர், பாசெற்-லோக், பேர்மிங்காமைச் சேர்ந்த றீவ்ஸ் முதலிய பெயர்கள் இக்கலையினர் வாயில் அடிக்கடி வருவன. வரைபடத்தின் பெயரைச் சொல்லிக் கடிதம் எழுதினால், கரடுமுரடான சாம்பல்நிற வார்ப்புகள் பொதியாக வந்து சேர்ந்தன. வந்தவுடன் கவனிக்க வேண்டியவை சில. சட்டி பானை வாங்குவோர் சுண்டிப் பார்ப்பது போல, சில்லை ஒரு கம்பியிலே தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும்; வெடித்தது மந்தமாக ஒலிக்கும். ஆனால் உள்ளே மறைந்திருக்கும் காற்றுக் குமிழியை இந்தச் சோதனை காட்டாது. இரண்டு நாள் மாலை நேரங்களைச் செலவிட்டுக் கடைந்த பின்னர், கடைசி வெட்டிலே ஓடுபரப்பின் நடுவில் ஒரு பள்ளம் வாய் திறப்பதுண்டு. அப்போது அச்சில்லைப் பழைய இரும்போடு போட்டுவிட்டு வேறொன்றுக்கு எழுதுவதைத் தவிர வழியில்லை. அனுபவசாலிகள் ஆறு சில்லுக்கு ஏழு வாங்குவர்.

கடையிலே கிடைக்காத சில்லுக்குத் தாமே மரத்தில் மாதிரி செய்து வார்ப்புப் பட்டறைக்குக் கொடுக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கின்றது. உருகிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். நாலரை அங்குலச் சில்லில் இது அங்குலத்தின் இருபதில் ஒரு பங்களவு. ஆகவே நண்பரிடமிருந்து ஒரு முடிந்த சில்லை இரவல் வாங்கி அதையே மாதிரியாகக் கொடுப்பவருக்கு, கடைவதற்கு இடமில்லாத குட்டைச் சில்லே கிடைக்கும். மாதிரியைச் சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய்வதோடு, மண்ணிலிருந்து சிதையாமல் எடுப்பதற்காக ஒவ்வொரு ஆரக்காலையும் சற்றே சரிவாகச் செதுக்கல் வேண்டும். இக்காலத்தில் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரியைப் பெறுவோர் பலர். அது வசதிதான். எனினும் முதற்குறை மாதிரியில் இல்லை. மூன்று சில்லுக்காக மண்ணைப் பிசைந்து பெட்டியை நிரப்பச் சம்மதிக்கும் சிறு வார்ப்புப் பட்டறைகள் அங்கே அருகி வருகின்றன. அவை மூடப்படும்போது, தலைமுறை தலைமுறையாகச் சுவரில் தொங்கிய மர மாதிரிகளும் விறகாய்ப் போய்விடுகின்றன. அவற்றைச் செதுக்கிய கைகள் மீண்டும் வரப் போவதில்லை என்பதை நினைக்கும்போது நமக்கு மனம் கனக்கின்றது.

இனிக் கடைசலுக்கு வருவோம். இங்கிலாந்தின் வீட்டுக் கொட்டில்களிலே அதிகம் காணப்படும் கடைசல் யந்திரம், நொற்றிங்காமை அடுத்த பீஸ்ரனில் செய்யப்பட்ட 'மைபோட்' ஆகும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் அதன் எம்.எல்.7 என்ற வகை வந்தது. 2011இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் அதிலிருந்து வெளிவந்த யந்திரங்கள் இன்றும் சுழல்கின்றன. வாங்கியவரின் பேரன் அதிலே வேலை செய்வதும் உண்டு.

வார்ப்பின் தோல் மிகக் கடினமானது. மண்ணிலே பட்டு விரைவாக ஆறிய மேற்பரப்பு, அரத்தையே வழுக்கிவிடும். ஆகவே முதல் வெட்டு அத்தோலுக்குக் கீழே புகும்படி ஆழமாக அமைதல் வேண்டும். மேலே மேலே சுரண்டுபவன் கருவியின் கூரை இழப்பான், வேறொன்றும் பெறான். மிகவும் கடினமாயிருந்தால் அடுப்பிலே செந்நிறம் வரச் சூடாக்கி, சாம்பலில் இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். மறுநாள் இரும்பு இணங்கும். வேகமும் குறைவாயிருத்தல் நன்று. நாலரை அங்குலச் சில்லு நிமிடத்திற்கு 40 முறை சுற்றினால் அதன் விளிம்பு 47 அடி ஓடுகின்றது. சாதாரண உருக்குக் கருவிக்கு அது போதும். எண்ணெய் வேண்டியதில்லை. வார்ப்பிரும்பிலே நூற்றுக்கு மூன்று பங்களவு கரி கலந்திருப்பதால் அதுவே வழுக்குத் தரும். ஆனால் அக்கரியோடு கூடிய கருந்தூள் கையிலும் முகத்திலும் அப்புவதன்றி, யந்திரத்தின் வழுக்குத் தளங்களிலும் புகுந்து அவற்றைத் தேய்த்துவிடும். பழைய செய்தித்தாளை விரித்து மூடிக்கொள்வோர் புத்திசாலிகள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அங்ஙனம் ஒரு பயன் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை.

முதலிற் சில்லின் பின்புறத்தை வெளிப்பார்வையாக வைத்துக் கவ்வியிற் பிடித்து, அம்முகத்தைச் சமமாக்கி, அதே பிடியிலேயே அச்சுத் துவாரத்தையும் இட வேண்டும். பிடியை மாற்றினால் துவாரம் முகத்துக்குச் செங்குத்தாக அமையாது. சில்லு ஓடும்போது ஆடும். பின்பு திருப்பிப் பிடித்து முன்முகத்தையும் குடத்தையும் துலக்கி, பட்டத்துக்கும் வட்டைக்கும் இடையே உள்ளது போலத் தோன்றும் சிறு கோடு ஒன்றை வெட்டுவர். இவ்விரண்டும் ஆறு சில்லுக்கும் முடிந்த பின்னரே ஓடுபரப்பைத் தொட வேண்டும்.

இங்கேதான் இக்கலையின் நுட்பம் இருக்கின்றது. ஓர் இரும்புத் தட்டைக் கவ்வியிற் பிடித்து, அதன் நடுவிலே துவாரத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் முளை ஒன்றைக் கடைந்து, அம்முளையில் ஒவ்வொரு சில்லாக ஏற்றி மரையால் இறுக்குவர். தட்டைக் கவ்வியிலிருந்து கடைசி வரையில் எடுக்கலாகாது. ஆறையும் முதலில் அளவுக்குச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, இறுதி வெட்டுக்குக் கருவியை ஒருமுறை அமைத்து, பின்பு அக்கைப்பிடியைத் தொடாமல் ஆறு சில்லையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பர். அளவுகோலை ஆறு முறை நம்புவதிலும், கருவியை ஒருமுறை நம்புவது மேல்.

ஏன் இத்தனை கவனம்? ஆறு சில்லுகளும் இணைகோல்களாற் பிணைக்கப்பட்டவை. ஒரே எண்ணிக்கையிலேயே சுற்ற வேண்டியவை. ஒன்றின் விட்டம் மற்றவற்றினும் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு கூடியது என்று வைத்துக் கொள்வோம். ஒரு மைல் ஓடும்போது அது ஏறத்தாழ 12 அடி கூடுதலாகச் செல்ல முயலும். செல்ல முடியாது, ஆகவே வழுக்கும். அவ்வழுக்கலுக்குரிய வலுவை நீராவி கொடுக்க வேண்டும். நீராவிக்குக் கரி வேண்டும். சிறு எஞ்சினிடம் அவ்வாறு வீணாக்க வலு ஏது? நமது வகுப்பிலே வட்டத்தின் சுற்றளவைக் கணித்துக் கொட்டாவி விடும் மாணாக்கருக்கு இக்கணக்கைக் கொடுத்துப் பார்த்தோம். விழித்துக் கொண்டார்கள்.

ஓடுபரப்பு உருளை வடிவமன்று. வெளிப்புறம் நோக்கி இருபதுக்கு ஒன்று என்ற அளவிலே சரிந்தது. வளைவிலே வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது வெளிச்சில்லு தடித்த பகுதியாலும் உட்சில்லு மெலிந்த பகுதியாலும் உருளுகின்றன; வெளித் தண்டவாளத்தின் கூடிய நீளம் இவ்வாறு ஈடுசெய்யப்படுகின்றது. விளிம்பு ஓடுபரப்போடு சேருமிடம் கூரிய மூலையாக இல்லாமல் சிறிது வளைந்திருத்தலும் அவசியம். இரு சில்லுகளின் உள்முகங்களுக்கிடையே மூன்றரை அங்குலத் தண்டவாளத்துக்கு 3 9/32 அங்குலம் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. இதிலே பிழை நேர்ந்தால் தண்டவாளம் பிரியுமிடத்தில் எஞ்சின் இறங்கிவிடும்.

பின்னர் இணைகோல் முளைகளுக்குத் துவாரம் இட வேண்டும். பெரிய எஞ்சினில் பிஸ்டன் 28 அங்குலம் ஓடுவதால் முளை அச்சிலிருந்து 14 அங்குலத் தூரத்தில் நிற்கும். சிறியதில் அது 7/8 அங்குலம். அச்சுத் துவாரத்திற் பொருந்தும் முளையும், அதிலிருந்து இத்தூரத்தில் ஒரு துவாரமும் உடைய இரும்புத் துண்டொன்றை வழிகாட்டியாகச் செய்துகொண்டு, ஆறிலும் அதன் வழியே துளையிடுவர்.

ஒரு மாணவன் பெரிய எஞ்சினின் படத்தை நம்மிடம் கொண்டுவந்து, "ஐயா, இந்தப் பக்க முளை மேலே நிற்கும்போது அந்தப் பக்கத்து முளை ஏன் பக்கவாட்டிலே நிற்கிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பிஸ்டன் தன் ஓட்டத்தின் முனையில் நிற்கும்போது, எத்துணை நீராவி தள்ளினாலும் சில்லைச் சுழற்ற மாட்டாது; நேரே அச்சையே தள்ளும். இரு பக்கமும் ஒரே வேளையில் அந்நிலையில் நின்றுவிட்டால் எஞ்சின் புறப்படவே இயலாது. ஆகவே ஒரு பக்கத்தை மற்றதற்குக் கால் வட்டம் முந்த வைத்தனர். ஒன்று சோரும்போது மற்றது முழு வலுவோடு இழுக்கும்.

சிறு எஞ்சினில் இந்தக் கால் வட்டத்தைச் சமதளத்திலே அச்சைக் கிடத்தி, மூலைமட்டத்தின் துணையோடு அமைப்பர். அக்கோணம் சரியாக 90 பாகையாக இல்லாமல் 89 ஆனாலும் பெருங்கேடு இல்லை. மூன்று அச்சுகளிலும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஓர் அச்சு 89, மற்றொன்று 91 என்றால் இணைகோல்கள் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தடுமாறும். அப்போது கோலின் துவாரத்தை அரத்தால் அகலப்படுத்திச் சமாளிப்போர் உண்டு. அது நோயை விட்டுச் சுரத்தைத் தணிப்பது போன்றது.

முன்னாளில் அச்சைத் துவாரத்திலும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவு பெரிதாகக் கடைந்து, அழுத்தி ஏற்றினர். கோணம் பிழைத்தால் கழற்றி ஏற்றுவது பெரும்பாடு. அமெரிக்காவிலே ஹாட்போட் நகரில் இரசாயனப் பேராசிரியராயிருந்த வேணன் கிறீபிள் 1953இல் கண்ட, காற்றில்லாத இடத்திலே இறுகும் பசை இத்துன்பத்தைப் போக்கியது. 'லொக்ரைற்' என்று பெயர் பெற்ற அது, மயிரிழை இடைவெளி விட்டுக் கடைந்த அச்சையும் சில்லையும் பற்றிக்கொள்ளும். எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் துடைத்தல் வேண்டும். இறுகுமுன் கோணத்தைத் திருத்தவும் சில நிமிடங்கள் கிடைக்கும். பழையவர்கள் இதனை ஐயத்தோடு பார்த்தனர். சிறுவரை ஏற்றிச் செல்லும் எஞ்சினில் சில்லு அச்சிலே நழுவினால் என்னாகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆதலின், பசையோடு அச்சின் முனையிலே குறுக்காக ஒரு சிறு ஆணியும் அடித்து வைப்போரை நாம் குறை கூறோம்.

நம் நாட்டு எஞ்சினையே இவ்வாறு சிறிதாக்க விரும்பும் இளைஞருக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தின் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம். நமது அகலப் பாதையோ 5 அடி 6 அங்குலம். பதினாறில் ஒரு பங்காக்கினால் 4⅛ அங்குலம் வரும். மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையே நிற்கும் இந்த அகலத்தில் அங்குள்ள கழகங்கள் பாதை போடுவதில்லை. மூன்றரை அங்குலத்திலேயே ஓட வேண்டுமானால் எஞ்சினைப் பதினாறுக்குப் பதிலாக ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அப்போது கடையில் விற்கும் சில்லுகள் பெரும்பாலும் பொருந்தா. மரத்தையும் உளியையும் எடுத்துக்கொண்டு மாதிரியிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

கொதிகலனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அது வேறொரு வாரத்துக்கு உரியது.