காசநோய் போய்விட்டது, நிலம் திரும்பவில்லை

இருமல் நின்றாச்சு. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆறு மாச மாத்திரையும் முடிந்து, குணமடைந்தார் என்று பதிவேட்டில் எழுதியாச்சு. அரசுக் கணக்கில் அந்த உழவரின் பக்கம் இத்தோடு மூடப்படுகிறது. வீட்டுக் கணக்கு அப்படி மூடுவதில்லைங்க. சீக்கில் விற்ற மாடு விற்றதுதான். அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒத்திக்கு விட்ட நிலத்தில் வேறொருவர் உழுதுகொண்டிருக்கிறார்.

இயற்கை வேளாண்மை இதழில் காசநோய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் உழைக்கிற வயசுக்காரர்கள். நம் பண்ணையம் ஓடுவது கடையில் வாங்கும் மூட்டையால் அல்ல, வீட்டாள் உழைப்பால். அந்த ஆள் படுத்தால் பண்ணையமும் சேர்ந்து படுக்கிறது. அதனால் ரசாயன விவசாயி வீட்டைவிட இயற்கை விவசாயி வீட்டில் இந்த நோயின் அடி ஆழமாக விழுகிறது என்பது என் கருத்து.

"மருந்துதான் இலவசமாச்சே, அப்புறம் என்ன செலவு?" என்று கேட்காதவர் இல்லை. இலவசம் என்பது உண்மை. அதில் சென்னைக்குப் பெரிய பங்கும் உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்ததற்கு இணையாகக் குணமாகிறது என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. குடிசையில் இருந்த ஏழைகளுக்கும் நோய் தீர்ந்தது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சானடோரியத்தோடு சேர்ந்து அங்கே கிடைத்த சாப்பாடும் ஓய்வும் போயின. அந்தப் பொறுப்பு வீட்டின் தலையில் வந்து உட்கார்ந்தது. இன்றுவரை இறங்கவில்லை.

செலவு மாத்திரைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கதிரடித்த தூசி என்று ஒரு மாசம். மருந்துக்கடை சிரப்பில் ஒரு மாசம். அப்புறம் டவுனில் தனியார் மருத்துவர், எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. காசநோய் என்று தெரிந்து அரசு மருத்துவமனைக்கு வரும்போது கையிருப்பு கரைந்திருக்கும். சென்னை காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 304 நோயாளிகளிடம் விசாரித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக மூன்று மாசக் கூலி போயிருந்தது. அந்த வீடுகளில் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் ஐந்தில் ஒன்று படிப்பை நிறுத்தியிருந்தது. இருபத்தைந்து வருசத்துக்கு முந்தைய கணக்கு அது. அன்று நின்ற பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயசு இருக்கும். ஆறு மாச நோய் ஒரு தலைமுறையின் சம்பாத்தியத்தையே தொட்டுவிட்டுப் போகிறது.

இன்றைய கணக்குக்கு ஒரு நாள் கூலியை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் நிலவரப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்கு 45,000 ரூபாய். சத்துணவுக்காக ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஆறு மாசத்துக்கு 6,000. மீதி எங்கிருந்து வரும்?

முதலில் மாட்டிலிருந்து வருகிறது. உடனே காசாவது அதுதான். ரசாயன விவசாயிக்கு மாடு போனால் பால் காசு போகும். நமக்குச் சாணியும் கோமியமும் போகிறது. அமுதக் கரைசல், பஞ்சகவ்யா, தொழுவுரம் எல்லாம் அதோடு நிற்கிறது. அடுத்தது நகை. அதன் பிறகுதான் நிலம். ஒத்தி என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருசமோ ஐந்து வருசமோ நிலத்தை அவர் கையில் விட்டுவிட வேண்டும். முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தால்தான் நிலம் திரும்பும். ஸ்கேனுக்கும் கடனுக்கும் போன பணத்தை எங்கே போய்த் திரட்டுவது? ஒத்தி எடுத்தவர் நம்மைப் போல மூடாக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். யூரியா போடுவார், களைக்கொல்லி அடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுக்க வேண்டியவர் அவர். ஆனால் சான்றிதழுக்காக நாம் காத்திருந்த மாற்றுக்காலம் மறுபடி முதலிலிருந்து. மண்புழு வந்த மண்ணைக் கட்டாந்தரையாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நிலம் கையை விட்டுப் போகாத வீட்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு. கிருமி செத்தாலும் நுரையீரலில் ஏற்பட்ட தழும்பு ஆறுவதில்லை. குணமானவர்களில் பலருக்கு மூச்சு வாங்குவது, அடிக்கடி சளி பிடிப்பது நீடிக்கிறது. ஆள் பார்க்க நன்றாக இருப்பார். மண்வெட்டி எடுத்து நாலு கொத்துக் கொத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். கைக்களை எடுக்க, 200 லிட்டர் பீப்பாயைக் கலக்க, எரு சுமக்க அவரால் ஆகாது. கூலி வைக்கக் காசில்லை. அப்போது கடைக்காரர் களைக்கொல்லி பாட்டிலை நீட்டினால் வாங்காமல் என்ன செய்வார்? இயற்கை வழியை விட்டுப் போனவர்கள் என்று நாம் கொஞ்சம் ஏளனமாகச் சொல்கிறோமே, அதில் எத்தனை பேர் கொள்கையால் போனார்கள், எத்தனை பேர் மூச்சில்லாமல் போனார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறோமா?

தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022இல் தொடங்கியது. நோயாளி வந்த அன்றே எடையும் மூச்சும் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நல்ல வேலை, பாராட்ட வேண்டும். பிழைக்க வைத்தவரை அதன் பிறகு யார் பார்ப்பது? சிகிச்சை முடிந்தவரை இரண்டு வருசம், ஆறு மாசத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. நோய் திரும்புகிறதா என்று பார்க்க இரண்டு வருசம் தேவை என்றால், உதவித்தொகையும் அந்த இரண்டு வருசம் வர வேண்டும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காசநோய் தின்றால் அதைப் பேரிடர்ச் செலவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020க்குள் அப்படி ஒரு குடும்பமும் இருக்கக்கூடாது என்று இலக்கு வைத்தார்கள். 2020 போய்விட்டது. அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடனும் நகைக்கடனும் உள்ள காசநோயாளிக்குத் தவணையைத் தள்ளிவைத்து, அந்தக் காலத்து வட்டியை அரசு ஏற்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்கலாம். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் கேட்கிறோமே.

இப்போதே இருக்கிற ஒன்றைப் பலர் வாங்குவதில்லை. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு உழவரும் விவசாயத் தொழிலாளரும் காசநோயால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு உதவித்தொகை கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடமோ கேளுங்கள்.

நம் கையில் இருப்பது சாப்பாடு. ஜார்க்கண்டில் காசநோயாளி வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் வந்த முடிவு இது. ஒன்றரைக் கிலோ பருப்புங்க! நம் வட்டாரக் குழு ஒவ்வொன்றும் துவரை, உளுந்து, நிலக்கடலை, முட்டை என்று ஒரு வீட்டுக்கு ஒரு வருசம் கொடுக்க முடியாதா? கூடவே கைமாற்று வேலை. முன்னெல்லாம் ஒருத்தர் நடவுக்கு ஊரே போகும். நோய்ப்பட்டவர் நிலத்தில் ஒரு போகம் நாலு பேர் போய்க் களையெடுத்தால் அது ஒத்திக்குப் போகாது, களைக்கொல்லிக்கும் போகாது.

நம் ஆட்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். முருங்கைக்கீரையும் முளைகட்டிய பயறும் தாராளமாகச் சாப்பிடட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகத் திரும்பி வரலாம், அப்போது செலவும் வேலை இழப்பும் பல மடங்கு. நாட்டு மாட்டுப் பாலாக இருந்தாலும் காய்ச்சியே குடியுங்கள், மாட்டுக்கும் காசநோய் உண்டு. நேரடி விற்பனைக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்நோய் காற்றில் பரவுகிறது, கத்தரிக்காயிலும் அரிசியிலும் பரவாது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரவும் வாய்ப்பு பெரும்பாலும் வெகுவாகக் குறைந்துவிடும். "அவர் வீட்டுக் காய் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டால் அந்தக் குடும்பத்தின் கடைசி வருமானமும் அன்றோடு போகும். குழு நடத்துபவர் அங்கேயே பதில் எழுத வேண்டும்.

அடுத்த வட்டாரக் கூட்டத்தில் விதைப் பரிமாற்றம் முடிந்ததும் கால் மணி நேரம் இதைப் பேசுங்கள். யார் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார், யார் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார், யார் திடீரென்று மாட்டை விற்றார் என்று ஊருக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.