0.50 தப்பா மிஸ்?

பி.எட். இப்போது இரண்டு வருடப் படிப்பு. அதில் பல வாரங்கள் பள்ளிக்கூடத்திலேயே பயிற்சி. அப்படி ஓர் அரசுப் பள்ளிக்குப் போன கணக்கு மாணவிக்கு ஏழாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பாடம், தசம எண்கள். கூடவே கல்லூரியிலிருந்து ஒரு வேலை: ஆன்லைன் செயல்பாடு ஒன்றைத் தயாரித்து வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸில் 2016 முதல் இருக்கும் வினாடி வினா வசதியைத் திறந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்தார். அதில் ஒரு ராத்திரி தலைப்புப் படத்துக்கும் நிறத்துக்குமே போய்விட்டது. புதிதாகச் செய்கிற எல்லோருக்கும் இது நடக்கும். கல்யாணத்துக்குப் பத்திரிகை டிசைன் பார்த்தே பாதி நாள் போவது மாதிரி.

மறுநாள் பள்ளியின் ஹைடெக் லேப்பில் பிள்ளைகள் உற்சாகமாகத் தட்டினார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் முழு மார்க். பயிற்சி ஆசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வகுப்பு ஆசிரியை மட்டும் ஒன்றும் சொல்லாமல் போர்டில் 0.5, 0.35 என்று எழுதி, "எதுடா பெருசு?" என்றார். பாதிப் பேர் 0.35-க்குக் கை தூக்கினார்கள். "முப்பத்தஞ்சுதானே மிஸ் பெருசு? அஞ்சு சின்னதாச்சே!"

பிறகு வினாடி வினாவைக் காட்டச் சொன்னார். 'பத்தில் ஐந்து பங்கைத் தசமத்தில் எழுதுக' என்ற கேள்விக்கு 0.5, 510, 1000, 99 என்று நான்கு விடைகள். "ஏம்மா, மத்த மூணையும் எந்தப் பிள்ளையாவது நிஜமாவே எழுதுமா?"

எந்தப் பட்டனை எங்கே தட்டுவது என்பதை யூடியூப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடும். தப்பான விடையை எழுதத்தான் வாத்தியார் வேண்டும்.

அன்று சாயங்காலம் கணக்கு நோட்டுகளை அள்ளிக்கொண்டு போனார். சரியான விடைகளை விட்டுவிட்டுத் தப்புகளை மட்டும் பட்டியல் போட்டார். 0.5-ஐயும் 0.7-ஐயும் கூட்டி 0.12 என்று எழுதியவர்கள் உண்டு. இரண்டு ரூபாய் ஐந்து பைசாவை 2.5 என்று எழுதியவர்கள் உண்டு. புள்ளிக்குப் பிறகு எண் நீண்டால் மதிப்பு குறைவு என்று நம்பி, 0.62-ஐ விட 0.4 பெரியது என்றவர்களும் உண்டு. சும்மா உளறியவர் யாருமில்லை; ஒவ்வொரு தப்புக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது.

புது வினாடி வினாவில் அந்தத் தப்புகளே விடைகளாக உட்கார்ந்தன. யார் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதைப் பொறுத்து வேறு பக்கத்துக்கு அனுப்பும் வசதியும் அதில் இருக்கிறது. 0.12-ஐத் தொட்டவருக்கு, '50 பைசாவும் 70 பைசாவும் சேர்ந்தால் 12 பைசாவா?' என்று ஒரு பக்கம். அதன் கீழே அதே மாதிரி இன்னொரு கணக்கு. அங்கிருந்து அடுத்து எந்தப் பக்கம் என்பதையும் குறித்துவிட வேண்டும். மறந்தால், அடுத்த தப்புக்கு எழுதிய விளக்கத்துக்குள் போய் முழிப்பார்கள். முதல் தடவை அப்படித்தான் ஆனது. அவரே மாணவி மாதிரி விடை போட்டுப் பார்த்ததால் தப்பித்தார். நிறத்தை இந்த முறை தொடவே இல்லை. ஃபார்ம்ஸ் கொடுத்த ஊதாவே போதும் என்று விட்டுவிட்டார்.

இந்தத் தடவை முழு மார்க் வாங்கியவர்கள் குறைவு. வகுப்பு ஆசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யார் எங்கே சறுக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஒரு கேள்விக்கு மட்டும் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும்: 'பாதியைத் தசமத்தில் எழுதுக.' வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பையனுக்கு அதில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாக எழுந்து வந்தான்.

"0.50 தப்பா மிஸ்? 0.5-ம் 0.50-ம் ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சரியான விடையாக 0.5 என்பதை மட்டும் கொடுத்து வைத்திருந்தார். ஃபார்ம்ஸுக்குக் கணக்கு தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வகுப்பிலேயே பாடம் நன்றாகப் புரிந்தவனுக்குத்தான் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"நீ எழுதினது சரிடா. தப்பு என்னோடது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவன் மார்க்கைத் தன் கையாலேயே திருத்தினார். சரியான விடைகளின் பட்டியலில் 0.50 ஏறியது. பூஜ்யம் போடாமல் .5 என்று எழுதுகிறவர்களுக்காக அதுவும் ஏறியது.

"அப்ப 0.500 போட்டா மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அதையும் சேர்த்தார்.