கேளாமல் வந்த பதிவாளர்

'வேண்டாமென்றால் அணைத்துவிட்டுப் போங்களேன், இதற்கேன் இத்தனை ஆர்ப்பாட்டம்?' கணினி விளையாட்டுகளைப் பதிவு செய்யும் ஓவர்லேக்களைப் பற்றி நாம் வாய் திறக்கும்போதெல்லாம் நம்மை நோக்கி எறியப்படும் வினா இது. எறிபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நல்லெண்ணம் உடையவர்கள். அவர்கள் வினாவுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம் மட்டும் நமக்கு உடன்பாடன்று. அணைக்கும் பொறுப்பு முழுவதும் ஆடுபவனுடையது, கருவி செய்தவனுக்கு அதில் பங்கில்லை என்பதே அவ்வெண்ணம்.

ஓவர்லே என்பது ஆட்டத் திரையின்மேல் விரிக்கப்படும் மெல்லிய மேலடுக்கு. விண்டோஸ் விசையோடு ஜி எழுத்தை அழுத்தினால் மைக்ரோசாஃப்டின் கேம் பார் எழும். ஆல்ட்டும் இசட்டும் சேர்ந்தால் என்விடியாவின் அடுக்கு. ஷிஃப்டும் டேபும் சேர்ந்தால் ஸ்டீமின் அடுக்கு. டிஸ்கார்டுக்கும் ஏஎம்டிக்கும் தனித்தனியே உண்டு. ஆட மட்டுமே வாங்கிய ஒரு பெட்டிக்குள் நான்கு பதிவாளர்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காட்சி இன்று வெகு இயல்பு. (பல்கலைக்கழகத்தில்கூடப் பதிவாளர் ஒருவர்தான்.)

பதிவு செய்வதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. 1999இல் வந்த ஃபிராப்ஸ் என்ற சிறு மென்பொருளை மூத்த ஆட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரை மூலையில் மஞ்சள் எண் ஒன்று நிற்கும். பதிவு தொடங்கியதும் அது சிவப்பாகும். அவ்வளவுதான். பதிகிறேன் என்று கருவி ஆடுபவன் முகத்துக்கு நேரே சொன்னது. 2012இல் பிறந்து இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளும், அதன் இயல்பான பயன்பாட்டில், தொடங்கு என்றால் தொடங்கும், நிறுத்து என்றால் நிறுத்தும். அதில் நமக்கு வழக்கேதுமில்லை.

வழக்கு, 'நடந்து முடிந்ததைப் பதிவு செய்' என்னும் விந்தையான கட்டளையோடுதான். 2013இல் என்விடியா ஷேடோபிளே என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. விண்டோஸ் 11இன் அமைப்புகளில் 'ரெக்கார்டு வாட் ஹேப்பண்டு' என்றே ஒரு வரி இருக்கிறது. அருமையான வெற்றி ஒன்று நிகழ்ந்தபின் விசையை அழுத்தினால், கடந்துபோன அரை நிமிடமோ ஐந்து நிமிடமோ கோப்பாகச் சேமிக்கப்படும். மாயம்போல் தோன்றும் இதில் மாயம் எதுவுமில்லை. கடந்ததை எடுத்துத் தர வேண்டுமானால் அது முன்னரே பதியப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கணத்தை நீங்கள் கேட்பீர்கள் என்று கருவி அறியாது. ஆகவே எல்லாக் கணங்களையும் பதிகிறது, பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறது. வினாடிக்கு 50 மெகாபிட் என்று தரம் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 22 ஜிபி. நீங்கள் விசையையே தொடாத நாளிலும் இவ்வேலை ஓயாது. சேமிப்பதை நிறுத்தியவர்கள் பதிவதையும் நிறுத்திவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பது இதனால்தான். 'எப்போதும் பதிந்துகொண்டிரு' என்று அந்த வரி இருந்திருந்தால் எத்தனை பேர் அதை இயக்கியிருப்பார்கள்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பின்னணிப் பதிவு விண்டோஸிலும் ஸ்டீமிலும் தொடக்கத்தில் அணைந்தே கிடக்கிறது. நாமாக இயக்கினால்தான் உண்டு. ஆனால் ஒருமுறை இயக்கியது, மறுநாளும் மறுமாதமும் தானே தொடர்கிறது. திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி ஆவணி போய் ஐப்பசி வந்தும் அலறிக்கொண்டிருந்தால் ஊர் பொறுக்குமா? இது அலறுவதில்லை என்பதுதான் வேறுபாடு. ஓசையின்றி இருப்பதால் நினைவிலிருந்தே நழுவிவிடுகிறது.

நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஆட்டத்திறம் விளங்கும் காணொளி ஒன்றைப் பெருமையோடு காட்டினார். ஆட்டம் நன்றாகவே இருந்தது. துப்பாக்கி ஓசைகளுக்கு இடையே ஒரு பெண்குரல் கேட்டது. அவருடைய அம்மா அடுத்த அறையில் யாரிடமோ, கல்லூரிக் கட்டணத்துக்காகச் சங்கிலியை அடகு வைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த ஒலிவாங்கி 'எப்போதும் திறந்திருக்க' என்ற நிலையில் இருந்திருக்கிறது. காணொளி இணையத்தில் ஏறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நாம் சொன்னபின்தான் மாணவர் அக்குரலைக் காதில் வாங்கினார், முகம் கறுத்துப்போயிற்று. அன்றிரவே காணொளியை நீக்கிவிட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னாரா என்று நாம் கேட்கவில்லை.

'அணைத்துக்கொள்ளுங்கள்' என்போரிடம் நாம் கேட்பது இதுதான்: அந்த அம்மா எதை அணைத்திருக்க வேண்டும்? டிஸ்கார்டின் கிளிப்ஸ் வசதியில், என் குரல் பிறர் பதிவில் இடம்பெறலாமா கூடாதா என்று தீர்மானிக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். உரையாடலில் சேர்ந்திருக்கும் பயனர்களுக்கு அது போதும். ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்கள் யாருடைய பயனர்களும் அல்லரே! விடுதியில் அறையைப் பகிர்பவர், தொலைபேசியில் அழும் தங்கை, மருத்துவ அறிக்கையை உரக்கப் படிக்கும் தாத்தா — இவர்களுக்கு அமைப்புப் பக்கம் ஏது?

இன்னொரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்றா சொல்வது? என்விடியாவின் கருவியில் ஆட்டத்தை மட்டுமன்றி மேசைத்திரை முழுவதையும் பதியும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்திருப்பவர் ஆட்டத்தை விட்டு வெளியே வந்து வங்கிக் கணக்கைத் திறந்தாலும் பதிவு தொடரும். காதலிக்குக் கடிதம் எழுதினாலும் தொடரும். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் ஒரு திரைப்படத்தை ஓட்டிப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கம் என்று கண்டு, கருவி தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆக, எதைப் பதியலாகாது என்று பகுத்தறிய இக்கருவிகளால் முடியும். படநிறுவனத்தின் உடைமைக்குக் கிடைத்த அந்த மரியாதை நம் கடிதத்துக்குக் கிடைக்கவில்லை. 2025 மே மாதத்தில் சிக்னல் செயலி, விண்டோஸின் ரீகால் வசதி தன் உரையாடல்களைப் படம்பிடிக்காமல் தடுக்க, படங்களைக் காக்கும் அதே பூட்டைத்தான் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டது. தனிமனிதரின் பேச்சைக் காக்கத் திரைப்பட முதலாளியின் பூட்டு தேவைப்படுகிறதென்றால், இக்கருவிகள் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வேகம் குறைவது பற்றிய புலம்பல்தான் ஆட்டக்காரர்களிடம் மிகுதி. நமக்கு அது இரண்டாம் பட்சம். 2024 டிசம்பரில் என்விடியாவின் புதிய செயலியில், பதிவோடு தொடர்பே இல்லாத வண்ண வடிகட்டி வசதி, பயன்படுத்தாதபோதும் சில ஆட்டங்களின் வேகத்தை 15 விழுக்காடு வரை குறைத்தது வெளிவந்தது. அதை அணைத்து வைக்குமாறு நிறுவனமே அறிவுறுத்தியது. அது கேட்டு இயக்கியதன்று, இயங்கிக்கொண்டே வந்தது.

சினந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அவர்களுக்கும் நிம்மதி இல்லை. கேம் பாரை விண்டோஸிலிருந்து நீக்கிவிட்டால், ஆட்டத்தைத் திறக்கும்போது 'இந்த இணைப்பைத் திறக்கப் புதிய செயலி வேண்டும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கக்கூடும். ஏஎம்டியின் 7950எக்ஸ்3டி போன்ற சில செயலிச் சில்லுகளோ, ஆட்டம் ஓடுகிறதா என்று அறியக் கேம் பாரையே நம்பியிருக்கின்றன. அதை நீக்கினால் ஆட்டம் தவறான கருக்களில் ஓடும். வேண்டாத பதிவாளரை வேண்டிய காவலரோடு ஒரே உடம்பில் தைத்து அனுப்பிவிட்டு, 'விருப்பம் உங்களுடையது' என்கிறார்கள்.

எனவே, நீக்க வேண்டாம். பதிவை மட்டும் அணையுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் கேமிங், அதனுள் கேப்சர்ஸ். அங்கே மேற்சொன்ன வரியை அணைத்து, ஒலிவாங்கி தொடர்பான வரியையும் அணைக்கலாம். என்விடியாவில் ஆல்ட்டும் இசட்டும் அழுத்தி இன்ஸ்டன்ட் ரீப்ளேயை நிறுத்துங்கள். மேசைத்திரைப் பதிவு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீமில் கேம் ரெக்கார்டிங் என்று தனிப்பக்கமே இருக்கிறது. பதிய விரும்பும் நாளில் இயக்கி, முடிந்ததும் அணைப்பது பெரிய தொல்லையன்று.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் இடங்கள் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக வைக்கிறது. அங்கே சாட்சி எதுவும் கேட்கப்படவில்லை என்று நம் மாணவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இன்றிரவு ஆடி முடித்தபின் வீடியோஸ் கோப்புறைக்குள் கேப்சர்ஸ் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதிலுள்ளவற்றை, படத்தைப் பாராமல் கண்ணை மூடிக்கொண்டு, ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.