அடி அலகு மட்டும் சிவப்பு



இம்மாதம் கூட்டுக்கடன் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அதற்கு முன் ஒரு குருவியைப் பற்றியும், நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறுமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதைக்காக ஒருநாள் காலை காத்திருந்தேன். கையில் ஒரு கட்டுப் படிவங்கள். பட்டுவான்கரையில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைப் பதிவு செய்யும் வேலை. பெயர், வயது, கணவர் இறந்தவரா காணாமற் போனவரா, கல்வி, தொழில். துறையில் நின்ற ஓர் அம்மாவின் படிவத்தை அங்கேயே நிரப்பினேன். கணவரை 1990இல் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. கல்வி, இரண்டாம் வகுப்பு. தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அவர் இடுப்பில் பறி கட்டியிருந்தார். நாள்தோறும் வாவியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர். "அது தொழிலா மனே, வயித்துப்பாடு" என்று அவரே சொன்னதால் நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

அப்போதுதான் கண்டல் பற்றைக்குள்ளிருந்து நீலமாக ஏதோ பாய்ந்து வந்து, தண்ணீரில் நட்டிருந்த கம்பில் குந்தியது. மீன்கொத்தி. மிகச் சிறியது. அலகில் சிவப்புத் தெரிந்தது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. குள்ள மீன்கொத்தி என்ற அபூர்வமான குருவியைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். அதன் அலகும் சிவப்பு. "அம்மா, இது லேசில் காணக் கிடைக்காத குருவி" என்று சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்தேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"இல்ல மனே. இது எந்த நாளும் இஞ்ச நிக்கிற பெட்டைதான். வடிவாப் பாரு, அடி அலகு மட்டும்தான் சிவப்பு. மேல் அலகு கறுப்பு. இதுட ஆணுக்கு ரெண்டும் கறுப்பு."

நான் விடவில்லை. நீலம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்றேன். "நிறத்த நம்பப்படாது. வெயில் போனா அதுவும் கறுப்பாத்தான் தெரியும். உடுப்பப் பாத்து ஆளச் சொல்லேலா. எத்தன தரம் கூப்பிட்டுக் காட்டினாங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடையாளம் காட்ட வரும்படி அழைக்கப்பட்டவர்கள் உங்களிலும் பலர் இருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். ஜி. எம். ஹென்றி என்பவர் இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955இல் எழுதிய நூல் பலருக்கும் வழிகாட்டி. அந்த அம்மா சொன்னதுதான் சரி. நாம் வாவிக்கரையில் காண்பது சாதாரணச் சிறு மீன்கொத்தி, ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர். முதுகு நீலம், வயிறு செம்மஞ்சள், காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பொட்டு. குள்ள மீன்கொத்தி அதைவிடவும் சிறியது. அதற்கு அலகு முழுவதும் சிவப்பு, தலையும் செம்மஞ்சள், அதன்மேல் ஊதா மினுக்கம். சிறு மீன்கொத்திக்குக் காலில் நான்கு விரல், இதற்கு மூன்றுதான். காட்டுக்குள் நிழலான ஓடைகளில் வாழ்வது. உப்புத் தண்ணீரும் வெட்டவெளியுமான நம் வாவியில் அதற்கென்ன வேலை? இடத்தைப் பார்த்தே நான் யோசித்திருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, நீலக்காது மீன்கொத்தி. நமது குருவியைப் போலவே இருக்கும், ஆனால் கன்னம் செம்மஞ்சளாக இல்லாமல் நீலமாக இருக்கும். இலங்கையில் மிக மிக அரிது.

நிறத்தைப் பற்றி அவர் சொன்னதையும் விஞ்ஞானம் ஒத்துக்கொள்கிறது. அந்த முதுகு இறகில் நீலச் சாயம் என்று ஒன்றுமே இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது. நிழலுக்குள் போனால் மங்கிவிடும்.

பாதையில் ஏறிய பிறகு, இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டேன். நெஞ்சளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பவருக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது என்றார். அது குந்தியிருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும், சிறு மீன் ஒதுங்கும், தானும் அங்கேதான் இறங்குவாராம். கரை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது, ஆணும் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும் என்றார். வளை வாயில் வெள்ளையாக எச்சம் வழிந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறதாம். அந்த நாட்களில் கரையில் மண் வெட்ட வந்த ஒருவரை ஏசித் துரத்தியதையும் சொன்னார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. யுத்த காலத்தில் பாதுகாப்புக்கென்று கண்டல் வெட்டிய இடங்களில், கண்டல் திரும்ப முளைத்த பின்புதான் குருவியும் வந்ததாம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அதே கையால்தான் 'இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாளை வலை, தோணி என்று ஏதும் உதவி வரும்போது மீன்பிடிப்போர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

நடு வாவியில் படிவத்தை எடுத்து, 'இல்லை' என்பதை வெட்டி, 'வாவி மீன்பிடி, இறால், 1990 முதல்' என்று எழுதினேன். "என்ன மனே, வெட்டித் திருத்துறாய்?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நண்டும் பிடிப்பன். அதையும் போடு" என்றார்.

போட்டேன். அன்று மாலையே அதற்கு முன் நிரப்பிய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இன்னும் பதினொரு 'இல்லை' இருந்தது. அந்தப் பதினொரு வீடுகளுக்கும் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். கூட்டுக்கடன் கட்டுரை பிந்தியதற்குக் காரணம் இதுதான். உங்கள் ஊரில் இந்தச் சிறு மீன்கொத்திக்கு வேறு பெயர் வழங்கினால் எழுதி அனுப்புங்கள். உங்கள் தொழிலையும் சேர்த்தே எழுதுங்கள்.