காரை இறுக மூடி வைப்பது பாதுகாப்பா?



சென்னையில் என் வீட்டருகே வசிக்கும் நண்பர் ஒருவர், ஒரு மழைக்காலத்தில் இரண்டு மாதம் வெளியூர் செல்ல நேர்ந்தது. புறப்படும் நாளன்று காரைக் கழுவி, ஈரம் காயுமுன்னரே ஷெட்டில் நிறுத்தினார். மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினார். சன்னலை அடைத்தார். கதவின் அடியிலிருந்த இடைவெளியில் பழைய சாக்கைத் திணித்தார். "இனி ஒரு சொட்டு மழை உள்ளே போகாது" என்றார்.

அவர் சொன்னபடியே மழை உள்ளே போகவில்லை. ஆனால் திரும்பி வந்து உறையை நீக்கியபோது தகடெங்கும் நீர்த்துளிகள் இருந்தன. இருக்கைகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பிரேக்கில் துருவேறிச் சக்கரம் நகர மறுத்தது. "தண்ணீர் எந்த வழியாக வந்தது, சார்?" என்று என்னைக் கேட்டார்.

அவரே உள்ளே வைத்துப் பூட்டிய தண்ணீர்தான் அது. ஈரத்திலிருந்து ஒரு பொருளைக் காக்க அதை இறுக மூடினால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து. அதற்கான காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிக அளவாக ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு எனில், அதில் 24 கிராம் நீராவி உள்ளது என்று பொருள். 6 மீட்டர் நீளமும், 3 மீட்டர் அகலமும், 3 மீட்டர் உயரமும் உள்ள ஷெட்டின் கன அளவு 54 கன மீட்டர். ஆகவே அதனுள் சுமார் 1,300 கிராம் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. இரவில் வெப்பநிலை 22 பாகைக்கு இறங்கினால், ஒரு கன மீட்டரில் 19 கிராம்தான் ஆவியாகத் தங்க முடியும். மீதி, கன மீட்டருக்கு 5 கிராம் வீதம், 270 கிராம் தண்ணீர் எங்கேனும் படிந்தாக வேண்டும். ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் அது! ஈரக் காரிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் எழும் ஆவி இக்கணக்கில் சேரவில்லை. வெளியேற வழியில்லாததால் அதுவும் இரவில் நீராகிறது, பகலில் ஆவியாகிறது, மறுபடி இரவில் நீராகிறது.

இந்த நீர் எங்கே படியும்? 1814-ஆம் ஆண்டில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பனி வானத்திலிருந்து பெய்வதில்லை. இரவில் வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து குளிர்ந்த பொருளின்மீது, அதைத் தொடும் காற்றிலுள்ள ஆவியே நீராகிறது என்று சோதனைகள் மூலம் விளக்கினார். ஷெட்டின் தகரக் கூரையும் இவ்வாறே குளிர்கிறது. அதன் அடிப்புறத்தில் படிந்த நீர் கார்மீது சொட்டுகிறது. பிளாஸ்டிக் உறையின் உட்புறத்திலும் இதே கதைதான்.

"அப்படியானால் எந்நேரமும் கதவைத் திறந்து வைக்கலாமே!" என்பீர்கள். அதுவும் சரியன்று. இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு சீக்கிரம் சூடாவதில்லை. காலையில் வெதுவெதுப்பான ஈரக் காற்றை உள்ளே விட்டால், குளிர்ந்த தகட்டில் அது வியர்த்துவிடும். எனவே, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைவிட, தகட்டின் வெப்பநிலை காற்றின் பனிநிலையைவிட அதிகமா குறைவா என்பதே முக்கியம். காற்றைக் குளிர்விக்கும்போது எந்த வெப்பநிலையில் ஆவி நீராகத் தொடங்குகிறதோ அதுவே பனிநிலை.

இதை நீங்களே அளக்கலாம். பளபளப்பான எவர்சில்வர் தம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, வெப்பமானியை அதில் வையுங்கள். சிறு சிறு பனிக்கட்டித் துண்டுகளாகப் போட்டுக் கலக்குங்கள். உங்கள் மூச்சு தம்ளர்மீது படக்கூடாது. வெளிப்புறம் மங்கத் தொடங்கும்போது வெப்பமானி காட்டுவது, ஏறத்தாழ, பனிநிலை. பிறகு வெப்பமானியின் குமிழைக் காரின் தகட்டில் பொருத்தி, மேலே உலர்ந்த துணியை வைத்து, சற்றுப் பொறுத்து அளவெடுங்கள். தகடு பனிநிலையைவிட இரண்டு மூன்று பாகையாவது வெப்பமாக இருந்தால் கதவைத் தாராளமாகத் திறக்கலாம். மழையில்லாத நாளின் பிற்பகல் பெரும்பாலும் இதற்கு ஏற்ற நேரம்.

மற்ற யோசனைகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. காரைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின்னரே ஷெட்டில் விட வேண்டும். கடலோர ஊர்களில் கழுவாமல் விடுவதும் தவறு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்து தானே நீரை இழுத்துக்கொள்ளும். தகட்டில் படிந்த கடலுப்பும் அவ்வாறே செய்து துருவை வளர்க்கும். உறை போடுவதானால் காற்றுப் புகும் துணி உறையே நல்லது. ஷெட்டுக்குத் தரையருகே ஒன்றும் கூரையருகே ஒன்றுமாகக் காற்றுத் துளைகள் தேவை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல், சக்கரங்களுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினால் பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

ஓர் எச்சரிக்கை. ஈரத்தைப் போக்குவதற்காகத் தினமும் ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இயந்திரம் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்திவிட்டால், அதில் ஒரு பகுதி சைலன்சருக்குள்ளேயே தங்கி அதை அரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். கார் வீணானால் செப்பனிடலாம். போன உயிரை மீட்க முடியாது. மூடிய ஷெட்டில் இயந்திரத்தை ஒருபோதும் ஓடவிடலாகாது.

பனிநிலையைத் தேர்வுக்காகப் படிக்கிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். என் நண்பரும் கல்லூரியில் அறிவியல் படித்தவர்தான்! உங்கள் வீட்டில் கார் இல்லாமலிருக்கலாம். தையல் இயந்திரமும் சைக்கிளும் புத்தக அலமாரியும் இருக்குமே! அடுத்த மழைக்காலத்தில் அவற்றைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைக்குமுன், ஒரு தம்ளரையும் நாலு பனிக்கட்டித் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள்.