அவருக்காக நீங்கள் பேசாதீர்கள்

உணவங்காடி நிலையத்தில் வரிசை நகர்கிறது. 24 வயது மகன் பின்னால் நிற்க, அம்மாதான் அவருக்கும் சேர்த்துத் தோசை சொல்கிறார். "அவனுக்குக் கூச்ச சுபாவம்" என்று கடைக்காரரிடம் சிரிக்கிறார். பதவி உயர்வு நேர்காணலன்று அதே மகன் மருத்துவ விடுப்பு எடுத்தது அம்மாவுக்குத் தெரியாது.

கூச்சம் பழகப் பழகக் குறையும். சமூகப் பதற்றம் அப்படியல்ல. "எல்லாரும் என்னையே கவனிக்கிறார்கள், தப்பாக நினைப்பார்கள்" என்ற அச்சமும், அதோடு நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், வியர்வையும் 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ தடுத்தால் உதவி தேடவேண்டும்.

இந்த அச்சத்தை வளர்ப்பது தவிர்ப்புதான். கூட்டத்துக்குப் போகாவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கிறது. 'போகாததால்தான் தப்பித்தோம்' என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் கூடுகிறது. அம்மா தோசை வாங்கித் தருவது அன்புதான். ஆனால் அதுவும் தவிர்ப்புக்குத் துணை போகிறது.

அறிதல்-நடத்தைச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. பயத்தை ஏணிப்படிகளாகப் பிரித்து, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது அதில் ஒரு பகுதி. முதல் வாரம் கடைக்காரரிடம் விலை மட்டும் கேட்பது. பிறகு தானே உணவு சொல்வது. அதன்பின் அலுவலகக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு படியிலும் கைப்பேசிக்குள் ஒளியாமல், எதிரில் இருப்பவர் சொல்வதில் கவனத்தை வைக்கவேண்டும். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்று தன்னையே கண்காணிப்பதுதான் பதற்றத்தைக் கூட்டுகிறது.

சிலருக்கு மருத்துவர் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தரலாம். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது? குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பேசுவதே சிரமமென்றால் குறுஞ்செய்தி வழியாகவும் தொடர்புகொள்ளலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் "ஏன் வாயே திறக்கமாட்டேங்கிற?" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை உணவங்காடி வரிசையில் பக்கத்தில் மட்டும் நில்லுங்கள். அவர் தடுமாறினாலும் காத்திருங்கள். தோசையை அவரே சொல்லட்டும்.