இயல்புக்கு எதற்கு அபராதம்?

பண்டமாற்று மனிதரின் பிறவிக்குணம், ஆகவே சந்தைப் பொருளாதாரமும் இயற்கையானதே என்ற வாதம் 1776இல் ஆடம் ஸ்மித் எழுதியதிலிருந்து கிளைத்தது. முதல் பாதியை ஏற்கிறேன். உப்பும் தானியமும் எங்கும் கைமாறியிருக்கின்றன. ஆனால் மிஞ்சியதை விற்பது வேறு, உழைப்பை விற்றால்தான் பிழைப்பு என்ற நிலை வேறு. இரண்டாவது தானாக முளைத்ததா? 1894இல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் பிரதமர் செசில் ரோட்ஸ் கொண்டுவந்த கிளென் கிரே சட்டத்தைப் பாருங்கள். ஆண்டில் மூன்று மாதமாவது தங்கள் மாவட்டத்துக்கு வெளியே வேலை செய்ததாகக் காட்ட முடியாத, நிலவுரிமை பெறாத கறுப்பின ஆண்கள் பத்து ஷில்லிங் வரி கட்ட வேண்டும் என்றது அது. இயல்பாக வருகிறவனை வரி போட்டு விரட்டுவானேன்?

பழக்கவழக்கத்தின் தளையைத்தான் சட்டம் அறுத்தது, அதற்குள் உறங்கிக்கிடந்த சந்தை மனம் விழித்தது என்று பதில் வரும். சான்று நேர்மாறாக இருக்கிறது. அதே காலனியில் ஆப்பிரிக்க விவசாயிகள் பல பத்தாண்டுகளாகத் தானியமும் கம்பளியும் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றவர்கள். கலப்பையும் மாட்டுவண்டியும் வாங்கியவர்கள். சந்தை அவர்களுக்குப் புதிதல்ல. சொந்த நிலமும் மந்தையும் இருந்தவரை சுரங்கக் கூலிக்குப் போக அவர்களுக்கு அவசியமில்லை, அவ்வளவுதான். 1913இன் நிலச் சட்டம் நிலத்தின் மீதே கைவைத்தது: தென்னாப்பிரிக்காவின் பரப்பில் சுமார் ஏழு சதவீதத்துக்கு வெளியே ஆப்பிரிக்கர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ தடை விதித்தது.